விலாசம் தெரிந்தவர் இருக்கும்போதே

வணக்கம் நேயர்களே.

செட்டிநாட்டு வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்தால், கனத்த அட்டை போட்ட பேரேடு ஒன்றிரண்டு இன்னமும் கிடைக்கும். பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போனவர்களின் கடைக் கணக்கு. எழுத்து அழியவில்லை, படிக்கத்தான் ஆளில்லை. 1963, 64-இல் அங்கே வங்கிகளும் கடைகளும் அரசுடைமையானபோது பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டி அருகே எடுபிடியாக இருந்தவருக்கே இப்போது எண்பது தாண்டியிருக்கும். ஐயாவின் படத்துக்கு மாலை போடுவது அப்புறம் இருக்கட்டும். அவர் இருக்கும்போதே பேரேட்டை அவர் மடியில் வைத்து உட்காருங்கள்.

முதலில் விலாசம். இது முகவரி அல்ல. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப் பெயர். பேரேட்டில் பாதிப் பேர் இந்த எழுத்துகளாகத்தான் வருவார்கள். ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு, நமக்கு என்ன உறவு, பாகம் பிரிந்தபோது விலாசம் மாறியதா என்று கேளுங்கள். இதைப் பிறகு எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

"எந்த வருஷம் போனீங்க?" என்று தொடங்காதீர்கள். தடுமாறுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "கடையில் மேலாள் யாரு, அடுத்தாள் யாரு? பெட்டியடி வாசலைப் பார்த்து இருந்ததா? சமையல் யாரு?" என்று கேளுங்கள். மேலாள் என்பவர் கடையை நடத்துபவர், அடுத்தாள் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். ஒரு தாளில் கடையின் வரைபடம் போடச் சொன்னால் இன்னும் நல்லது. கை போகிற இடத்துக்கு நினைவும் போகும். மேலாள் ஒருமுறை போனால் பெரும்பாலும் மூன்று வருஷம். அந்தத் தவணைக்குத்தான் கணக்கு என்று பெயர். அதனால் "அது எத்தனையாவது கணக்கு?" என்று கேட்டாலே காலம் தானாக வரிசைப்படும்.

அவர் தம் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லும் ஆண்டு பிரமோதூத, விஷு என்று தமிழ்ப் பெயராகத்தான் வரும். பிரமோதூத என்றால் 1930 சித்திரை முதல் 1931 பங்குனி வரை. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வரத் தொடங்கிய காலம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், 1930-இல் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். ஆகவே "நிலம் சேர்த்தோம்" என்று ஐயா சொன்னால், அது வாங்கியதா, கடனுக்கு வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆண்டை மாற்றுகையில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. மார்கழி நடுவில் உடையும். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, அதாவது விஷு மார்கழி. ஜப்பான் படை ஊருக்குள் நுழைந்த 1942 மார்ச்சும் அதே விஷுதான். "விஷுவிலே கிளம்பினோம்" என்பவரிடம் மாதத்தையும் கேட்டால்தான், குண்டுக்கு முன்னா பின்னா என்று தெரியும். ஒரே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதையும் மறக்க வேண்டாம்.

பேரேட்டு எண்கள் எழுத்து மாதிரியே இருக்கும். ய போலத் தெரிவது பத்து, ள போலத் தெரிவது நூறு, த போலத் தெரிவது ஆயிரம். ள, உ, ய, ரு என்று வரிசையாக இருந்தால் நூறு, இரண்டு பத்து, ஐந்து: 125. இன்றைய முறையில் இலக்கம் இலக்கமாகப் படித்தால் தொகை எங்கேயோ போய்விடும். எடையிலும் ஒரு பொறி. பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, நம்மூர் வீசை சுமார் 1.4 கிலோ. நெல் கணக்கு கூடையில் இருக்கும். கூடைக்கு 46 பவுண்டு.

பதிவு செய்யக் கைபேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவருக்கு ஒரு சாண் தள்ளி, துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். மேசை அதிர்வு விழாது. ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். காலைப் பலகாரத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். தவறாகச் சொன்னாலும் குறுக்கே திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த கேள்விக்கு "எனக்கு என்னப்பா தெரியும்" என்றுதான் பதில் வரும்.

பேரேட்டைச் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் படம் எடுங்கள். ஐயா பேசும்போது "இது 43-ஆம் பக்கம்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால், பின்னால் குரலையும் படத்தையும் பொருத்துவது எளிது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வேப்பிலையைத் தாள்களுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும். தனிப் பையில் கட்டி, பெட்டியின் மூலையில் போடுங்கள்.