மாத்திரை அட்டையின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி. என்று ஒரு தொகை அச்சிட்டிருக்கும். அது எப்படி வந்தது?

செய்த செலவு, அதற்கு மேல் கொஞ்சம் லாபம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கட்டுப்பாட்டில் இருந்த மருந்துகளுக்கு ஒரு காலத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். 2013இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை அதை மாற்றிவிட்டது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இப்போது சந்தை விலையே அளவுகோல்.

ஒரு பேச்சுக்கு, ஒரே மாத்திரையை மூன்று கம்பெனிகள் விற்கின்றன என்று வையுங்கள். மருந்துக்கடைக்கு ஒன்று 10 ரூபாய்க்குத் தருகிறது, இன்னொன்று 8, மூன்றாவது 3. சராசரி 7 ரூபாய். அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் 8 ரூபாய் 12 காசு. இதுதான் உச்சவரம்பு, ஜி.எஸ்.டி. தனி. 3 ரூபாய்க்கு ஒருவரால் தர முடிகிறதே, அப்புறம் ஏன் 8 ரூபாய் என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. சந்தையில் 1 சதவீதப் பங்குகூட இல்லாத பிராண்டுகள் சராசரியிலேயே சேராது. மலிவாக விற்பவர்கள் பலர் அந்தச் சின்ன ஆட்களாக இருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை.

பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்குக் கம்பெனி வைத்ததுதான் விலை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, நாம் எப்படி ஒப்பிடுவது? அட்டை விலையைப் பார்க்காதீர்கள். ஒன்றில் 10 மாத்திரை இருக்கும், இன்னொன்றில் 15. எங்கள் வீட்டிலேயே அட்டை விலையைப் பார்த்து 'இது அதிகம்' என்று ஒதுக்கிய மாத்திரை, வகுத்துப் பார்த்தபோது மலிவாக இருந்தது. ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதற்கும் முன்னால், பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று பாருங்கள். மெட்ஃபார்மின் 500 என்று இரண்டிலும் இருக்கலாம், ஒன்றில் எஸ்.ஆர். என்று சேர்ந்திருந்தால் அது மெதுவாகக் கரைவது, வேறு வகை. வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்குச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிராண்டை மாற்றவே கூடாது.

அரசு ஆஸ்பத்திரி மருந்துகளை வாங்கித் தர 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மூலப்பெயரைச் சொல்லித்தான் டெண்டர் விடுகிறது. பிராண்டுக்குத் தனி மதிப்பு அங்கே கிடையாது. நமக்கு மொத்தமாக வாங்கும் பலம் இல்லை. ஆனால் மருத்துவரிடம் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லலாம். மருந்துகளுக்கு உச்சவரம்பு வைக்கும் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் தேடினால் அதே மருந்து வேறு எந்தெந்தப் பெயரில், என்ன விலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். கடைக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது வகுத்தல் கணக்கு வராது. வணக்கம்.