பழைய மரிம்பாவுக்குப் புதிய சட்டகம்

[காட்சி: மேசைமேல் ஒற்றை மரிம்பா பட்டை, பக்கத்தில் உப்புக் கிண்ணம்]

மரிம்பா என்பது, வரிசையாகத் தொங்கும் நீண்ட மரத் துண்டுகளைக் கோலால் தட்டி வாசிக்கும் இசைக்கருவி. அந்தத் துண்டுகளைத்தான் பட்டை என்கிறேன். பட்டையின் மேல் தூள் உப்பைத் தூவி, நடுவில் கோலால் மெல்லத் தட்டுகிறேன். பாருங்கள், உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்து, இரு முனைகளுக்கும் சற்று உள்ளே இரண்டு குறுக்குக்கோடுகளாக ஒதுங்குகிறது. பட்டை முழுவதும் அதிரும்போதும் அந்த இரண்டு இடங்கள் அசைவதில்லை. கணு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான்.

சீரான தடிமன் உள்ள பட்டையில் கணு, முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் இருக்கும். 40 சென்டிமீட்டர் பட்டைக்குச் சுமார் 9 சென்டிமீட்டர். மரிம்பா பட்டையின் அடிப்பக்கம் வில்போலக் குடையப்பட்டிருப்பதால் அது கொஞ்சம் தள்ளிப்போகும். பட்டையைத் தொங்கவிடும் கயிறு, அசையாத இந்தக் கணுவின் வழியேதான் போக வேண்டும். அதற்கான துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அளவுகோலைவிட உப்பையே நம்புகிறேன்.

[காட்சி: பழைய மரிம்பாவின் படம்]

சிகாகோவின் டீகன் நிறுவனம் 1935-இல், மரிம்பா கலைஞர் கிளேர் ஓமர் மஸ்ஸர் திரட்டிய நூறு பேர் இசைக்குழுவுக்காக 'கிங் ஜார்ஜ்' மரிம்பாக்களைச் செய்தது. அந்தக் காலத்துப் பட்டைகளுக்கு மரம் ஹோண்டுராஸ் ரோஸ்வுட், நம் ஈட்டியின் நெருங்கிய உறவு. இன்று அதன் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. மரம் இன்னும் பாடும். சட்டகத்தில்தான் பசை விட்டு மூட்டு ஆடும், ஃபெல்ட்டைப் பூச்சி அரிக்கும். சட்டகம் போனதற்காக அப்படிப்பட்ட பட்டைகளைக் கைவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

ஆகவே புதுச் சட்டகத்துக்கு அளவு, பட்டைகளிலிருந்தே வர வேண்டும். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கி, துளைகளை நூல் பிடித்து இணையுங்கள். கீழ்ச்சுரப் பட்டை நீளம், மேல்சுரப் பட்டை குட்டை. இரண்டு நூல்களும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும். சட்டங்கள் அந்த நூலின் கீழேயே ஓட வேண்டும். பட்டை கயிற்றில் மட்டும் தொங்க வேண்டும். மரத்தில் எங்கேனும் உரசினால் இரையும். அப்படி இரைந்தால் கயிற்றைத் தாங்கும் முளையை நகர்த்துங்கள், பட்டையில் அரம் வைக்காதீர்கள். நடுவில் சுரண்டினால் சுருதி இறங்கிவிடும். சுரண்டிய மரம் திரும்ப வராது.

அடுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் கீழே தொங்கி அதன் ஒலியைப் பெருக்கும் குழாய்கள். ஒரு முனை மூடிய குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு: 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஏறத்தாழ 19.5 சென்டிமீட்டர். வெயில் ஏறினால் குழாயின் சுருதி ஏறும், மரத்தினுடையது சற்று இறங்கும். அதனால் குழாய்த் தொகுதியை ஏற்றி இறக்க, சட்டகத்தின் இருபுறமும் திருகு வைத்துவிடுங்கள்.

[காட்சி: கை, குழாயின் வாய்க்கருகில்]

கடைசியாக, மிகக் கீழ்ச்சுரத்தைத் தட்டிக்கொண்டே திருகைத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி திடீரெனப் பருத்து, உள்ளங்கையில் காற்று அதிரும். அங்கேயே இறுக்கிவிடுங்கள்.