மாத்திரையை நிறுத்திவிட்டு வராமல் போகிறவர்கள்

வணக்கம் நேயர்களே. வெளியே எங்கு போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள், பூட்டைத் திறப்பதற்குள் கொஞ்சம் கசிந்துவிட்டதே என்று யாருக்கும் தெரியாமல் துணி மாற்றிக்கொள்கிறவர்கள், ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்துவிட்டுக் காலையில் கண் எரிச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களோடுதான் இன்று பேசப் போகிறேன். இதற்கு மருத்துவத்தில் ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று பெயர். சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே அதன் தசை சுருங்கப் பார்க்கிறது, அல்லது பாதிகூட நிரம்பாதபோதே நிரம்பிவிட்டது போன்ற உணர்வு மூளைக்குப் போய்விடுகிறது, அதனால் அடக்க முடியாத அவசரம். தொற்று இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, அவை இல்லை என்றான பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்வோம். 2003-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இது இருந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெண்களுக்குக் கசிவு கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நோயைப் பற்றி இது போதும். நான் பேச வந்தது வேறு விஷயம். வயசானால் இப்படித்தான் என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, கடைசியில் எப்படியோ தயக்கத்தை விட்டு டாக்டரிடம் வந்து, மருந்துச் சீட்டும் வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் அப்புறம் வருவதே இல்லை. 2017-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வைப் பாருங்கள். டோல்டெரோடின், சோலிஃபெனசின் போன்ற பழைய வகை மாத்திரைகளை ஒரு வருடம் கழித்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மருந்துக்கு மருந்து மாறுபட்டாலும், 100-க்கு 8 முதல் 25 பேர்தான். புதிய வகையான மிராபெக்ரானில் 38 பேர். புதியது பரவாயில்லை என்றாலும் அதிலும் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் வாய் வறட்சி, மலச்சிக்கல் என்று நாங்களே பதில் சொல்லிக்கொள்வோம். அது உண்மைதான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. அமெரிக்காவில் நிறுத்தியவர்களையே கேட்டுப் பார்த்தபோது அதிகம் பேர் சொன்னது, நினைத்த அளவுக்குக் கேட்கவில்லை என்பதுதான், பக்கவிளைவு அதற்குப் பின்னால்தான் வந்தது. எனக்கு இதில் நோயாளியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தலைவலி மாத்திரை மாதிரி இது அரை மணி நேரத்தில் கேட்காது, முழுப் பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகலாம், பலன் என்பதும் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோவதில்லை, பன்னிரண்டு தடவை போனவர் ஒன்பது தடவை போவது, தினமும் கசிந்தது வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைவது, இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று முதல் நாளே அவருக்கு யாராவது சொன்னார்களா? சொல்லாவிட்டால் பத்தாம் நாளே மாத்திரை அலமாரிக்குள் போய்விடும்.

அதனால்தான் இரண்டாவது சந்திப்பை முதல் சந்திப்பை விடப் பெரிதாக நினைக்கிறேன். பிரிட்டனில் பெண்களுக்கான அரசு வழிகாட்டுதல், மருந்து தொடங்கி 4 வாரத்தில் நேரிலோ போனிலோ கட்டாயம் பேச வேண்டும் என்கிறது. தொடர்ந்து சாப்பிடுகிறவர்களை வருடத்துக்கு ஒரு முறை, 75 வயதைத் தாண்டியவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் போனில் பேசினாலே போதும், ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "பரவாயில்லையா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும், அதில் எதுவும் தெரியாது. நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், இந்த வாரம் வழியிலேயே கசிந்ததா, பயந்துகொண்டு தண்ணீரைக் குறைத்தீர்களா என்று கேட்டால் பேச்சு தானாக வரும்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடிப்பதைக் குறைத்தால் அவசரம் குறையும் என்று பலர் நாக்கு உலர இருக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் குறைக்கலாம்தான், ஆனால் ரொம்பக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். குறைக்க வேண்டியது காபியும் டீயும்.

திரும்பி வரும்போது கையில் ஒரு மூன்று நாள் குறிப்பு இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு மில்லி (ஒரு பழைய அளவுக் குவளை போதும்), அவசரம் இருந்ததா, என்ன குடித்தீர்கள், இவ்வளவுதான். இதில் சில சமயம் கதையே மாறிவிடும். வயதான ஒருவருக்கு ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில்தான் வருகிறது என்றால், குற்றம் பையில் இல்லாமல் இருக்கலாம், கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சுத் தடை என்று வேறு பக்கம் தேட வேண்டும். அந்த ஆளுக்கு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து என்ன பயன்?

மருந்தோடு கூடவே செய்ய வேண்டிய பயிற்சியையும் இப்படித்தான் பாதியில் விடுகிறார்கள். அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நில்லுங்கள், உட்கார முடிந்தால் இன்னும் நல்லது, சிறுநீரை அடக்குகிற தசையை வேகமாகச் சில தடவை இறுக்கி விடுங்கள், அலை தணிந்த பிறகு நிதானமாக நடந்து போங்கள். இரண்டு தடவைக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம். முதல் வாரத்தில் தோற்றுப்போன மாதிரிதான் இருக்கும், அந்த வாரத்தில்தான் யாராவது கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

திரும்பிப் பார்ப்பது பாதுகாப்புக்காகவும்தான். மிராபெக்ரான் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பழைய வகை மாத்திரைகள் வயதானவர்களுக்கு மறதி, குழப்பம் தரலாம், நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடம் டிமென்ஷியா என்கிற மறதி நோய் அதிகம் காணப்பட்டது என்று ஆய்வுகள் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடை போட வேண்டிய விஷயம்.

மாத்திரை கேட்காவிட்டால் வழி முடிந்துவிட்டது என்று நினைத்து விலகியவர்கள் நிறைய. போட்டாக்ஸ் ஊசியைப் பையின் தசைக்குள் போடலாம், பல மாதங்கள் நிற்கும், சிலருக்குச் சிறுநீர் தேங்கிக் குழாய் வைக்க நேரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணுக்கால் பக்கம் ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சை உண்டு, வாரம் ஒரு முறை, 12 வாரம். இடுப்பு நரம்புக்குச் சிறு கருவி பொருத்துவதும் உண்டு. 2024-இல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் தன் வழிகாட்டுதலில், முதலில் பயிற்சி, பிறகு மாத்திரை, அப்புறம்தான் மற்றவை என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை எடுத்துவிட்டு, நோயாளியோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கச் சொல்லிவிட்டது. ஆனால் பேசுவதற்கு அவர் திரும்பி வர வேண்டுமே.

சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், திடீரென்று போகவே முடியாமை, காலில் புதிதாக பலவீனம், இவற்றுக்குத் தேதி பார்க்காதீர்கள், உடனே போங்கள். மற்றபடி, மாத்திரையை நிறுத்திவிட்டுச் சங்கடத்தில் வராமல் இருக்கிறவர்கள், மிச்சமிருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போய், எந்த நாள் நிறுத்தினேன், எதனால் நிறுத்தினேன் என்று அப்படியே சொல்லுங்கள், அடுத்து என்ன என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். நன்றி, வணக்கம்.