பாலம் நிற்கிறது, சப்பாத்து செத்துவிட்டது

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று கதைக்கிறேன், காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டின பாலம் இது, வயது நூறைத் தாண்டிவிட்டது. என்னுடைய சப்பாத்துக்கு ஒன்றரை வயதுதான். முதலில் செத்தது அது.

மூன்று மாதத்துக்கு முன்னம் ஒருநாள் விடிய, கட்டிலால் இறங்கி முதல் அடி வைத்தேன். குதிக்காலில் ஆணி அடித்த மாதிரி ஒரு நோவு. பத்து அடி நடந்தால் குறைகிறது, கொஞ்சம் இருந்து எழும்பினால் திரும்ப வருகிறது. அம்மா வாதம் என்று சொல்லி எண்ணெய் பூசிவிட்டா. டொக்டரிடம் போனால், குதிக்காலில் இருந்து விரல்வரை பாதத்துக்குக் கீழே ஓடும் தடித்த நார் இழுபட்டுப் புண்பட்டிருக்கிறது என்றார். அதோடு, "நடக்கப் போடுகிற சப்பாத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

அந்தச் சப்பாத்து இதுதான். கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன். அடியைப் பாருங்கள், வரியெல்லாம் அப்படியே இருக்கிறது. நானும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். இப்போது பக்கவாட்டில் பாருங்கள். இந்த வெள்ளை ஸ்பொஞ்ச் படையில் குறுக்கே சுருக்கங்கள் தெரிகிறதா? பெருவிரலால் அமத்துகிறேன், கல்லு மாதிரி. சரி, பாலக்கட்டில் வைத்துப் பின்னால் இருந்து பார்ப்போம். இடது சப்பாத்து உள்பக்கம் சரிந்து நிற்கிறது. அந்த ஸ்பொஞ்சுக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும்பி எழும்பி, ஒரு கட்டத்தில் எழும்பாமல் விட்டுவிடும். ஓடுகிற சப்பாத்துக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 4 கிலோமீட்டர் நடக்கிறேன். அப்படியென்றால் ஆறில் இருந்து ஒன்பது மாதம். நான் இழுத்தது ஒன்றரை வருசம்! உடல் பாரம், நடை, பாதை எல்லாவற்றையும் பொறுத்து இது கூடிக் குறையும்.

அப்போ இரண்டு சோடி வாங்கி அலுமாரிக்குள் வைப்போம் என்று நினைக்காதீர்கள். மச்சான் ஒருவர் நல்ல சப்பாத்து ஒன்றைப் பெட்டியோடு பத்திரப்படுத்தி, சில வருசம் கழித்துக் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். மண்டப வாசலில் அடி பிட்டு மாதிரி உதிர்ந்தது. பொலியூரிதேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த அடி ஈரக்காற்றில் இரசாயன முறையில் மெல்ல உடையும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நம்முடைய ஊர் அதற்கென்றே அமைந்தது.

வாங்கப் போகிறவர்கள் பின்னேரம் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடுகிற சொக்ஸையும் கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டு எழும்பி நில்லுங்கள், பெரிய காலுக்குத்தான் அளவு. நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். கடைத் தம்பி, "மெத்தை மாதிரி இருக்குது அக்கா" என்பார். தலையாட்டிவிட்டுச் சப்பாத்தைக் கையில் வாங்குங்கள். குதிக்கால் பக்கத்தை நசித்துப் பாருங்கள், உள்ளே அமுங்கிப் போகக்கூடாது. பிறகு மடியுங்கள். விரல் மடிகிற இடத்தில் மடிந்தால் நல்லது. நடுவால் மடிந்தால், துணி பிழிவதுபோல் முறுக்க முடிந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெத்தென்று இருப்பது வேறு, காலைத் தாங்குவது வேறு. விலை கூடினது என்பதற்காக நம்பவும் வேண்டாம்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அவவுக்கு நோவைவிட, நோவு தெரியாமல் போவதுதான் பயம். உள்ளே கல் கிடந்தாலும் கால் சொல்லாது. அதனால் போடுமுன் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வீட்டுச் சீமெந்துத் தரையிலும் செருப்புத்தான். சின்னக் காயம் என்றாலும் கிளினிக்கில் காட்டிவிடுவோம். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று மாமிமார் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இதோ புதுச் சோடி. நாக்கின் உள்பக்கத்தில் பேனையால் வாங்கின திகதி எழுதியிருக்கிறேன். பழையதை எறியவில்லை, மாரி வருகிறது, வளவில் மழைத்தண்ணீர் ஓட வான் வெட்டப் போட உதவும். சரி, வெயில் ஏறுமுன் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.