ஐம்பத்து மூன்று மணியும் ஓர் ஐஸ் பெட்டியும்

(கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரக் கூட்டத்தில், ராயபுரத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே! ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சாமியார் மாதிரி. எங்களிடம் ஆயர் என்றால் பிஷப். அதனால்தான் நான் வாயைத் திறந்ததும் எங்கள் பங்கு மக்கள் நான்கு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பரவாயில்லை, உட்காருங்கள், ஐயாவுக்கு இரண்டு மரியாதையும் தகும். லூத்தரன் சபைப் போதகர் ஐயா அவர்களே, வியாசர்பாடியிலிருந்து டிராஃபிக்கில் மாட்டி இப்போதுதான் வந்து சேர்ந்த பாஸ்டர் அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்த மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே (போன வருடம் தண்ணீர் லாரி அனுப்பியதும் அவர்தான், அதையும் சொல்லச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது), ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சபை மக்களே, எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

ஜனவரி 18 முதல் 25 வரை, எல்லாச் சபையாரும் சேர்ந்து ஜெபிக்கிற ஒன்றிப்பு வாரம். எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நீங்கள் ஏன் இன்னும் ஆர்.சி.யாகவே (ரோமன் கத்தோலிக்கராகவே) இருக்கிறீர்கள்?’ அந்த ‘இன்னும்’ யார் போட்டது என்று எனக்குத் தெரியும், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மாதா, சுரூபம் என்கிற சிலை, போப்பாண்டவர் என்று மூன்று விஷயம் பேசுகிறேன்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. என் அம்மா மீன் விற்றவர். எதற்கெடுத்தாலும் இந்தப் பழமொழிதான். நான் கணக்கில் ஃபெயிலான வருடம் மட்டும் சொல்லவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தைப் பாருங்கள். வலியவர்களைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார், பசித்தவர்களை நன்மைகளால் நிரப்பினார் என்று மரியா பாடுகிறார். பிள்ளைத்தாய்ச்சி பாடுகிற தாலாட்டா இது? மூன்று அதிகாரம் தள்ளிப் போனால், மகன் நாசரேத்து ஜெபக்கூடத்தில் நின்று ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்கிறார். அம்மா பாடிய பாட்டைத்தான் பிள்ளை பிரசங்கமாகச் செய்கிறார். மரியாவின் அந்தப் பாட்டுக்கு 1521-இல் ஒருவர் உட்கார்ந்து விரிவுரை எழுதினார். அவர் பெயர் மார்ட்டின் லூத்தர், லூத்தரன் சபைக்குப் பெயர் தந்தவரேதான். போதகர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி.

நாங்கள் மாதாவிடம் கேட்பது ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றுதான். ‘பிரதர், எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க’ என்று நீங்கள் போனில் கேட்பதில்லையா? ‘பிரதர் உயிரோடு இருக்கிறார், மாதா இறந்துவிட்டாரே’ என்று பாஸ்டர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு என் அம்மா சாவைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா கண்ணை மூடினார். தம்பி துபாயிலிருந்து வர வேண்டும். ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம். பெட்டிக்காரர் மழையைக் காட்டி வாடகையை இரண்டு மடங்காக்கினார். என் தங்கை அழுகையை நிறுத்திவிட்டு, வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிற குரலில் அவரை ஒரு பிடி பிடித்தாள். சுற்றி இருந்த கிழவிகள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்கள்: தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

பெட்டி வந்தது, கரண்ட் போனது. தங்கை புருஷன் பெந்தெகொஸ்தே. தங்கமான மனுஷன், ஆனால் சாவு வீட்டில் நாங்கள் செபமாலை மணிகளை உருட்டி மாதாவை வேண்டுகிற ஐம்பத்து மூன்று மணி செபம் ஆரம்பித்தால் எழுந்து தெருமுனைக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போனார். முக்கால் மணி நேரம் கழித்து, தன் சபை ஜெனரேட்டரை மீன்பாடி வண்டியில் ஏற்றி, தார்ப்பாயை அதற்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு வந்தார்.

ராத்திரி இரண்டு மணிக்கு நான் கண் விழித்தபோது மாப்பிள்ளை மட்டும் பெட்டி பக்கத்தில் இருந்தார். கண்ணாடியில் பனி படியப் படியத் துண்டால் துடைக்கிறார், அம்மா முகம் தெரிவதற்காக. இன்னொரு கையில் யாரோ நாற்காலியில் விட்டுப்போன செபமாலை.

“மச்சான், ஐம்பத்து மூணு மணி, ஐம்பத்து மூணு மணின்னு சொல்றீங்க. ரெண்டு தடவை எண்ணிட்டேன், ஐம்பத்தொன்பது இருக்குதே?”

“அந்த ஆறு மணி பரலோக மந்திரத்துக்கு, மாப்பிள்ளை. நீங்க பரமண்டல ஜெபம்னு சொல்றீங்களே, அதேதான்.”

“ஓ, அப்போ ஆறு எங்களுது” என்றார். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

இறந்தவர்களுக்காக மன்றாடுவது நல்லது என்று மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. எங்கள் பைபிளில் 73 புத்தகம், உங்களுடையதில் 66. அதிகப்படியான ஏழில் அது ஒன்று. சரி, அதை விடுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். எரிகிற மெழுகுவர்த்தியில் ஆர்.சி. எது, சி.எஸ்.ஐ. எது?

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சுரூபத்தைப் பற்றி ஒரே வார்த்தை: மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் என் அம்மா படத்துக்கு இன்றைக்கும் மாலை தொங்குகிறது. போப்பாண்டவர் அடுத்த வருடம். அதற்கு முன் ஒன்று: எங்கள் கணக்கில் முதல் போப்பாண்டவரான பேதுருவை நாங்கள் இராயப்பர் என்போம்; அந்த இராயப்பர் பெயரால்தான் இந்த ஊர் ராயபுரம். ஆக, பாஸ்டர் உட்பட இந்தப் பந்தலில் இருக்கும் எல்லோரும் இப்போது பேதுருவின் ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் கேட்க வந்தது இதுதான். நம் நான்கு சபைக்கும் பொதுவாக ஓர் ஐஸ் பெட்டி, ஒரு ஜெனரேட்டர் வாங்க வேண்டும். சாவு வீட்டில் வாடகைப் பேரம் இனி வேண்டாம். பெட்டி யார் கோயிலில் இருப்பது என்ற வாக்குவாதத்திலேயே மூன்று கூட்டம் போய்விட்டது. போதகர் ஐயா பின்கட்டில் இடம் தருகிறார். சாவி பாஸ்டரிடம், நோட்டு எங்கள் பங்கின் தெருக் குழுவான அன்பியத்தில். பெட்டி மேல் இயேசு உருவத்தோடு இருக்கிற பாடுபட்ட சுரூபமா, வெறும் சிலுவையா என்று நான்காவது கூட்டம் போட வேண்டாம். வெறும் சிலுவையே போதும் என்று நாங்கள் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

வாசலில் என் தங்கை புருஷன் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சில்லறை இல்லை என்று தப்ப முடியாது, ஜிபே அட்டையும் வைத்திருக்கிறார். கொடுக்கிற காசைச் சரியாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணுகிற ஆள் அவர்.