எம்.எம்.பி.ஐ: பழையதா, புதியதா?

அடுத்த கேள்வி எம்.எம்.பி.ஐ பற்றி, அதாவது வாக்கியங்களுக்குச் சரி, தவறு என்று பதில் வாங்கி ஒருவரின் ஆளுமையையும் மனநலத்தையும் பார்க்கும் சோதனை பற்றி. மருத்துவ உளவியல் படிக்கும் ஒருவர் கேட்கிறார்: "எங்களுக்கு எம்.எம்.பி.ஐ-2 தான் சொல்லித்தருகிறார்கள். மூன்றாவது பதிப்பு வந்த பிறகும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கலாமா? அதற்குத்தான் ஆய்வுகள் அதிகம் என்கிறார் எங்கள் ஆசிரியர்."

ஆசிரியர் சொல்வதில் தப்பில்லை. இரண்டாவது வந்தது 1989-இல், மூன்றாவது 2020-இல். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. எதிரே இருப்பவரை யாரோடு ஒப்பிடப்போகிறீர்கள்? இந்தச் சோதனையின் முடிவை டி ஸ்கோர் என்ற எண்ணில் சொல்வார்கள். டி ஸ்கோர் 65 என்றால் நூற்றுக்கு 65 மார்க் இல்லை. ஒப்பீட்டுக் கூட்டத்தின் சராசரி 50. அதிலிருந்து இவர் ஒன்றரை திட்டவிலக்கம் (ஒரு திட்டவிலக்கம் இங்கே 10 புள்ளி) தள்ளி நிற்கிறார், அவ்வளவுதான். கூட்டம் மாறினால் 65-இன் அர்த்தமும் மாறிவிடும்.

இந்தச் சோதனையை உருவாக்கிய ஹாத்தவேயும் மெக்கின்லியும் 1943-இல் வெளியிட்ட முதல் பதிப்புக்கு அந்தக் கூட்டம் பெரும்பாலும் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தபந்தங்கள். கைக்குட்டை போடும் விளையாட்டு பிடித்திருந்ததா என்றுகூட அதில் ஒரு வாக்கியம் உண்டு. நம்முடைய 'குலை குலையா முந்திரிக்கா' போன்ற ஆட்டம். இரண்டாம் பதிப்பில்தான் அதைத் தூக்கினார்கள். அந்த இரண்டாம் பதிப்பின் ஒப்பீட்டுக் கூட்டமும் எண்பதுகளில் எடுத்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அதனால் புதிதாக வருகிறவருக்கு, நன்றாக ஆங்கிலம் படிப்பவர் என்றால், நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். அதில் 335 வாக்கியங்கள், பழையதில் 567. மனச்சோர்வில் இருப்பவர் நானூறைத் தாண்டும்போது படிக்காமலே டிக் போட ஆரம்பித்துவிடலாம். பின்பாதியைக் கண்காணிக்கவே எஃப்.பி என்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

பழையதை எப்போது எடுப்பது? அதே நபருக்கு முன்பு இரண்டாம் பதிப்பில் பார்த்திருந்து, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால். அப்புறம், 2-7 என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் கோடு டைப்பை (அதிகமாக உயர்ந்து நிற்கும் அளவுகோல்களின் எண்களைச் சேர்த்துச் சொல்வது) மூன்றாவதில் தேடாதீர்கள். அந்தப் பழைய அளவுகோல்களே அதில் கிடையாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வாக்கியங்களை அங்கேயே தமிழில் வாய்மொழியாகச் சொல்லிப் பதில் வாங்கினால், எந்தப் பதிப்பின் ஒப்பீடும் பொருந்தாது. 'எனக்குத் தலைவலி வருவதில்லை' என்று சொல்லி, சரியா தவறா என்று கேளுங்கள். "இல்லைங்க" என்பார். தலைவலி இல்லை என்கிறாரா, நீங்கள் சொன்னது இல்லை என்கிறாரா? எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்?