கேள்விக்குள் இருக்கும் ஆள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரிலிருந்து காலையில் கிளம்பினேன். கேத்தி தாண்டியும் மூட்டம் விலகவில்லை. இந்நேரம் அடுப்படியிலும் தோட்டத்திலும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சில வீடுகளில் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான்.

நான் மருத்துவர். எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஆனால் நாலைந்து பேர் படிக்க வருவார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பியவர்கள். இருந்த கொஞ்சம் தேயிலையை அடமானம் வைத்து அனுப்பிய வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. இவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடக்கிறது. மொத்தம் 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. இரண்டு பகுதி, பகுதிக்கு 150 கேள்வி, இரண்டரை மணி நேரம். கணக்குப் போட்டால் கேள்விக்கு ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். பிள்ளைகள் செல்போனில் க்யூ பேங்க் என்ற கேள்வித் தொகுப்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கேள்வி போடுகிறார்கள். போடட்டும், அந்தப் பழக்கம் வேண்டும். ஆனால் "45 வயதுப் பெண், ஒரு வாரக் காய்ச்சல்" என்று ஒரு கேள்வி ஆரம்பித்தால், அந்தப் பெண்ணை ஒரு தடவை மனதில் உட்கார வைத்துப் பாருங்கள். இதை எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்றைக்கும் சொல்கிறேன்: கேள்விக்குள் ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரு சம்பவம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு மழைக்காலம். என்னிடம் படித்த தம்பி ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள என்னோடு புறநோயாளிப் பிரிவில் இருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். எட்டு நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. வெளியே இரண்டு இடத்தில் ஊசி போட்டும் குறையவில்லை. தம்பி வரிசையாகச் சொன்னார்: டைபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல். எல்லாம் நியாயமான சந்தேகங்கள்தான். "வேறு?" என்றேன். "ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கலாம் மேடம். ஆனால் எஸ்கார் இல்லையே" என்றார்.

எஸ்கார் என்பது கடித்த இடத்தில் கருகிப்போய் நிற்கும் புண். ஸ்க்ரப் டைஃபஸ், புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு பொடிப் பூச்சியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். அந்தப் புண் சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். தம்பி அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, எப்போது கேட்டாலும் சரியாகவே விடை சொல்லியிருக்கிறார். "இல்லை என்கிறீர்களே, எங்கே தேடினீர்கள்?" என்று கேட்டேன். கையையும் காலையும் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் சிஸ்டர் அந்த அம்மாவைத் திரைக்கு உள்ளே அழைத்துப்போனார். இரண்டே நிமிடம். "மேடம், வாங்க" என்றார். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் தடத்துக்குச் சரியாகக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். அந்த அம்மாவுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. வலிக்காது, அரிக்காது, எப்படித் தெரியும்? செல்போன் திரையில் அந்தப் படம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். நிஜத்தில் மிளகு. அதுவும் துணி இறுகும் இடமாகப் பார்த்து ஒளிந்திருக்கும்: இடுப்பு, அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு.

அன்று சாயங்காலமே அதற்கான டாக்ஸிசைக்ளின் மருந்தை ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, கஞ்சி குடித்தார். தம்பி தினமும் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் எஸ்கார் கேள்வியைப் படித்த விதமே வேறு. இப்போது வேறொரு ஊரில் வைத்தியம் பார்க்கிறார். காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாடா கட்டும் இடத்தைப் பார்க்காமல் விடுவதில்லை என்று போனில் சொன்னார்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் தோட்டத்து அம்மாக்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். "புதருக்குள் வேலை செய்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்து சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரைக் குறை. இந்தியாவில் இந்தக் குறை இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் பரிசோதித்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தை. தேர்வில் கேட்பார்கள்: தாய், தகப்பன் இருவருமே நோயில்லாமல் குறையை மட்டும் சுமப்பவர்கள் என்றால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? 25 சதவீதம் என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சரி. ஆனால் என் முன்னால் உட்கார்ந்து ஒரு தகப்பன் கேட்டார்: "நாலில் ஒண்ணுன்னு சொன்னாங்க. மூத்தவனுக்கு வந்திருச்சு. இனி மூணு பிள்ளைக்கு வராது இல்லையா?" அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால்தான் அந்த 25 சதவீதம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக நாலில் ஒன்று. முன்னால் நடந்தது கணக்கில் சேராது. அதை அவர் மனம் உடையாமல் சொல்ல வேண்டும். அந்தத் தகப்பனை நினைத்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு மறக்காது.

சமூக மருத்துவத்துக்கு மட்டும் 30 கேள்விகள். வறண்ட பாடம் என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தடுப்பூசி, குடிநீர், நாய்க்கடி எல்லாம் அதில்தான் வருகிறது. நாய்க்கடி வைத்தியத்துக்காக 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் நம் குன்னூரில்தானே இருக்கிறது? அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிற வரியா? 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆணையச் சட்டம் எஃப்.எம்.ஜி.இ.-க்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வைச் சொல்லி வைத்திருக்கிறது, அது எப்போது வரும் என்றே பாதிப் பேர் கவலைப்படுகிறார்கள். எந்தப் பெயரில் தேர்வு வந்தாலும் நாய் கடித்தால் கழுவத்தான் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தூக்கத்தைப் பற்றியும், ஒருமுறை தேறாமல் போன பிள்ளையிடம் வீட்டார் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டு விஷயம் மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி போதும். அப்புறம், தேர்வு மையம் கீழே கோயம்புத்தூர் பக்கம் கிடைத்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மழை நாளில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வணக்கம்.